பெரட்டுக் களத்தில் வந்த விசா

அடுத்தவர் பயணத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: விசா கிடைத்தால் அது அவர்கள் கும்பிட்ட சாமி கொடுத்தது, கிடைக்காவிட்டால் நாம் தட்டினதில் பிழை. குருவிட்ட பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்துக்கொண்டு நான் படுகிற பாட்டை, இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? லெச்சுமி அக்காவுக்கும் அவர் புருஷன் ராமையா அண்ணனுக்கும் இந்தியாவுக்கு ஒன்லைன் விசா போட்ட கதை இது.

எதற்குப் போகிறீர்கள்?

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வெளிநாடு போகிறவர்கள் என்றால் பெரும்பாலும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள்தான். அந்தப் பழக்கத்தில், லெச்சுமி அக்கா பாஸ்போட்டை மேசையில் வைத்ததுமே சவூதியா குவைத்தா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. கொழும்பில் ஒரு சலூனில் வேலை செய்கிற மகள், அம்மாவையும் அப்பாவையும் ஊட்டிக்குக் கூட்டிப்போக டிக்கெட் எடுத்துவிட்டாளாம். விசாவை மட்டும் ஊரிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அந்தத் தோட்டத்திலிருந்து சுற்றிப்பார்க்க என்று வெளிநாடு போக இதுவரை யாரும் விசா கேட்டதில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர், கடல் தாண்டிப் போய் மறுபடியும் தேயிலையையா பார்க்க வேண்டும் என்றேன். தானும் வழி நெடுக அதைத்தான் கேட்டுக்கொண்டு வருவதாக ராமையா அண்ணன் முணுமுணுத்தார். லெச்சுமி அக்கா அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "மலையில நிக்கிறப்ப கையையும் கூடையையும் பாக்கவே நேரம் சரியா இருக்குங்க தங்கச்சி. ஒருக்காவது சும்மா நின்னு தேயிலையப் பாக்கணும்."

அருவிக்கரையில் ஒரு அழகி

வெள்ளைப் பின்னணியில் ஒரு படம் வேண்டும் என்று ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். அந்த ஸ்டூடியோ முதலாளி கை சும்மா இருக்காத மனுஷன். கல்யாணப் படம் எடுத்து எடுத்துப் பழகியவர். லெச்சுமி அக்காவை வெளுப்பாக்கி, கன்னத்தை வழவழப்பாக்கி, கழுத்தில் இல்லாத சங்கிலியைப் போட்டு, பின்னால் ஒரு அருவியையும் கொட்டவிட்டிருந்தார்.

இதை அனுப்பினால் திருப்பிவிடுவார்கள் என்று சொல்லி, என் கடைச் சுவரிலேயே நிற்கவைத்து நானே வேறு படம் எடுத்தேன். ஸ்டூடியோப் படத்தைக் கிழிக்கப் போனபோது அக்கா சட்டென்று பிடுங்கி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "இது நான் இல்லன்னு தெரியுதுங்க. ஆனா நல்லா இருக்காளே, வீட்டுல மாட்டிக்கிறேன்."

ஒரு தழும்பு போதும்

விண்ணப்பத்தில், பார்த்ததும் தெரிகிற அங்க அடையாளம் ஒன்று சொல்ல வேண்டும். டவுனில் இருக்கிறவர்களிடம் இதைக் கேட்டால் மச்சம் தேடி ஆளையே திருப்பிப் பார்ப்பார்கள். ராமையா அண்ணன் சட்டைக் கையை மடித்தார், பிறகு சாரத்தை முழங்கால் வரைக்கும் தூக்கினார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை அவருக்கு. கையிலும் காலிலும் தழும்பு இல்லாத இடம் குறைவு. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

எதை எழுதட்டும் என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, இடது கையில் நீளமாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தார். "இதையே போடுங்க தங்கச்சி. மத்ததெல்லாம் அட்டை கடிச்சத சொறிஞ்சது, அதுக்கு மரியாத இல்ல."

வந்த விசாவுக்கு ஆள் வரவில்லை

பயந்ததற்கு மாறாக விசா சீக்கிரமே வந்தது, இரண்டு பேருக்கும். வந்தது என் கடை மின்னஞ்சலுக்கு. அக்காவின் ஃபோனுக்கு அடித்தால் எடுபடவில்லை; அவர்கள் குடியிருக்கிற லயத்து வீடுகள் பக்கம் சிக்னல் வந்தால்தான் அதிசயம். பயண நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பிடிக்க முடியவில்லை, விசா இல்லை என்று மனம் விட்டுவிட்டார்களோ என்று மகள் கொழும்பிலிருந்து என்னை ஃபோனில் பிடித்து அழுதாள்.

தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் சுனில் அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். சிங்களத்தில் சொன்னேன், பிழை வரக்கூடாது என்று தமிழிலும் சொன்னேன். அவரும் அக்காவைக் கண்டு சொல்லியிருக்கிறார். ஆனால் அக்கா நம்பவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் மற்றப் பெண்கள் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார்களாம், டூரிஸ்ட் என்றால் வெள்ளைக்காரர்தான், லயத்து ஆளுக்கு யார் கொடுப்பார்கள் என்று. மறுநாள் சுனில் அண்ணன் பதிலோடு வந்தார்: "அக்கா சொல்றது, வந்தா தோட்டத்து ஒபீஸுக்குத்தானே வரும், இன்னும் பெரட்டுல பேரு கூப்பிடல்ல."

பேர் கூப்பிட்டார்கள்

நானும் லயத்தில் பிறந்தவள்தான். தோட்டத்தில் வேலையோ, கடிதமோ, அடையாள அட்டையோ, எதுவானாலும் ஆபீசுக்கு வந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால்தான் அது வந்ததாகக் கணக்கு. மறுநாள் இரவு விமானம். கடையைப் பூட்டியபடியே விட்டுவிட்டு, இரண்டு விசாவையும் அச்சடித்த கையோடு பயண நாள் விடியற்காலையிலேயே ஆட்டோ பிடித்தேன்.

பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை அன்றைய வேலைக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். லெச்சுமி அக்கா கூடையும், தலையோடு போர்த்திய கொங்காணியுமாக வரிசையில் நின்றார். என்னைக் கண்டும் அசையவில்லை. தாளைக் கணக்கப்பிள்ளையிடம் நீட்டி விஷயத்தைச் சொல்லி, பேர் கூப்பிட்டு வாசிக்கக் கேட்டேன். அவர் நல்ல மனுஷன். சிரிக்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, மற்றப் பேர்களைக் கூப்பிடுகிற அதே குரலில் லெச்சுமி என்றார், ராமையா என்றார். இரண்டு பேரும் இருக்கிறோம் என்று பதில் சொன்னார்கள். இந்திய விசா என்றும், டூரிஸ்ட் என்றும் வாசித்தார். டூரிஸ்ட் என்றால் வேலைக்கு இல்லை, சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் என்று அவராகவே விளக்கமும் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் இவர்கள் பக்கம் திரும்பினார்கள். ராமையா அண்ணன் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

லெச்சுமி அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசையை விட்டு முன்னால் வந்தார். தாளை வாங்கக் கை நீட்டவில்லை. "இன்னொருக்கா வாசிங்க ஐயா, எல்லாருக்கும் கேக்கட்டும்."

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்காரர் யாருக்கு விசா வந்தாலும், பிரிண்டரில் தாள் வெளியே வரும்போதே நான் பெரட்டுக்குப் போக ஆட்டோவுக்கும் சொல்லிவிடுகிறேன்.