செவலைக்கு ஊற்றிய எண்ணெய்

எங்கள் மாடியில் குடியிருக்கும் தூத்துக்குடிப் பெண் ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிற வேலை அவளுக்கு. ஷிப்ட் முடிந்து வந்தால் முதலில் நாய், பிறகுதான் சோறு. போன மாதம் ஒரு நாள் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். காது துடைக்க வேண்டுமாம். தலையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

டாக்டர் கொடுத்த மருந்தைக் காதில் விட்டாள். காதின் அடியை இரண்டு விரலால் மெல்லப் பிசைந்தாள். நாய் தலையை உதறியதில் என் சட்டையெல்லாம் தெறித்தது. வெளியே வந்த அழுக்கை, விரலில் பஞ்சைச் சுற்றி, கண்ணுக்குத் தெரிகிற இடம்வரை மட்டும் துடைத்தாள். உள்ளே இன்னும் இருக்கிறதே, ஒரு குச்சி கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

“ஐயோ தாத்தா! குச்சியெல்லாம் உள்ள விடப்பிடாது. ஜவ்வு கிழிஞ்சிரும். பொறவு நீங்க தொண்ட கிழியக் கூப்பிட்டாலும் அதுக்குக் கேக்காது.”

நாயின் தலையிலிருந்து என் கை தானாக இறங்கிவிட்டது.

நானும் ஒரு நாயின் காதைத் துடைத்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். பிறந்த வருஷம் யாரும் எழுதி வைக்காததால் எனக்கு எல்லா வயதும் ‘இருக்கும்’தான். சேரப்பணஞ்சேரியில் ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஒரு துண்டு வேர்க்கடலை நிலம். இப்போது அந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கின்றன, அது கிடக்கட்டும். பன்றி புகுந்து கடலையைக் கிளறாமல் பார்த்துக்கொள்ளச் செவலை என்று ஒரு நாய் இருந்தது. அதன் காதில் உண்ணி பார்ப்பது என் வேலை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

சனிக்கிழமை தலைக்குக் குளிக்கும் முன்னால் அம்மா எங்கள் காதில் நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுவாள். ஒரு முறை தம்பி காதில் போன பூச்சி அந்த எண்ணெயில்தான் மிதந்து வந்தது. நாய்க்கும் ஊற்றினால் உண்ணியெல்லாம் ஒரேயடியாக மிதந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கரண்டியில் காய்ச்சினேன். அம்மா ஊற்றுவதற்கு முன்னால் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுக்கொள்வாள். அது சாமிக்கு என்று நினைத்திருந்தேன். அதனால் நான் விடவில்லை.

செவலை என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. ஊற்றியதும் அது போட்ட சத்தத்தை எப்படிச் சொல்ல? அதோடு நிறுத்தியிருக்கலாம். வேலையை அரைகுறையாக விட்டால் அப்பா திட்டுவார் என்று, அதன் கழுத்தை முழங்காலால் அழுத்திக்கொண்டு மற்றக் காதிலும் ஊற்றினேன். இரண்டு நாளில் சீழ் வைத்தது. அம்மா கண்ணில் படுவதற்குள் துடைத்துவிட, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கு உருவிப் பஞ்சு சுற்றி உள்ளே விட்டுக் குடைந்தேன். கேட்டவர்களிடம் பன்றியோடு சண்டை போட்டது என்று சொன்னேன்.

புண் ஆறியது. ஆனால் நாய் மாறிவிட்டது.

“செவல! ஏய், செவல! இன்னாடா இது, நா கூப்புட்டுக்கினே கீறேன், அது பாட்டுக்குப் போவுது?” என்றார் அப்பா.

“துரைக்கு ஒரு லெட்டரு போடுண்ணே, பதில் வரும்” என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செவலைக்கு என்மேல் கோபம், அதனால்தான் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விடியற்காலை பன்றிகள் பாதிக் கடலையைப் புரட்டிவிட்டுப் போயிருந்தன. வரப்பில் செவலை சுருண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதை அடிக்கவில்லை.

“தூங்கற நாய்க்கு இன்னாத்துக்குச் சோறு? சிங்கப்பெருமாள் கோவிலாண்ட உட்டுட்டு வந்துர்றேன். புட்ச்சிக் கட்டுடா.”

உண்மையைச் சொல்லியிருந்தால் நாய் வீட்டில் இருந்திருக்கும், எனக்கு அடி விழுந்திருக்கும். நான் கயிற்றை எடுத்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டேன், வரவில்லை. முன்னால் போய்க் கையை நீட்டியதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து கழுத்தைக் கொடுத்தது.

அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் செவலையின் காதில் வாயை வைத்துச் சொன்னேன்: “நான்தான் செவல. நான்தான் எண்ண ஊத்தனேன். பன்னி இல்ல. அப்பாகிட்ட சொல்லாத, இன்னா?”

அது தலையைத் திருப்பி என் வாயையே பார்த்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். யார் பேசினாலும் வாயைப் பார்க்கும். பசி போலிருக்கிறது என்று நாலு கடலை உரித்துக் கொடுத்தேன். தின்றது, என் கையை நக்கியது. சரி, மன்னித்துவிட்டது என்று எனக்கு மனசு லேசாகிவிட்டது.

சைக்கிள் பின்னால் அது கயிற்றோடு ஓடியது. ஏரிக்கரை திரும்பும்வரை “செவல, செவல” என்று கத்திக்கொண்டே கையை ஆட்டினேன். அது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதுதானே மன்னித்தது, அதற்குள் மறுபடியும் என்ன கோபம் என்று அன்று முழுக்க எனக்கு அதன்மேல்தான் வருத்தம்.