பாலத்துக்கு அங்காலை ஒரு காற்றாலை

ஒஸ்லோவில் என்னோடு வேலை செய்யும் நோர்வேக்காரி, போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கைத்தொலைபேசியை என் பாண் துண்டுக்கு மேலால் நீட்டினாள். வட ஜேர்மனியில் யாருமே அறியாத சிறு நகரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாளாம். தேவாலயத்தின் செங்கல் கோபுரம், சாய்ந்த வீடுகள், ஆற்றுப் பாலம். கண்டுபிடித்தாளாம்! அந்தக் கோபுரத்தின் கீழ் நின்று என் சிறுவயதுக் கோடையெல்லாம் கொட்டாவி விட்டவன் நான்.

அங்கேதான் என் சித்தப்பா அகதியாக இருந்தார். வழக்கு முடியும்வரை மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது சட்டம். அவர் பாலத்தைத் தாண்டினால் ஜேர்மனி குடைசாய்ந்துவிடும் என்று வெளிநாட்டார் அலுவலகத்துக்குப் பயம் போலும். தேவாலயத்தில் நான் முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளுக்குக்கூட அவரால் வர முடியவில்லை. ஆகவே ஒவ்வொரு கோடையும் நாங்கள்தான் ஒஸ்லோவிலிருந்து ஜேர்மனியின் கீல் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் ஏறினோம். இப்போதும் எங்காவது டீசல் மணந்தால் எனக்கு அந்தக் கோபுரம் ஞாபகம் வரும், கூடவே வாந்தியும் வரும்.

வேறெங்கும் போக முடியாத மனிதர் என்ன செய்வார்? இருந்த ஊரைப் பாடமாக்கிவிட்டார். சாப்பிட்ட கை காய முதல் எங்களை இழுத்துக்கொண்டு புறப்படுவார்.

“இந்தக் கோயிலை சுவீடன்காரன் எரிச்சவன். திருப்பிக் கட்டினவை. இப்ப உலகமே வந்து பாக்குது.”

அப்பா விடமாட்டார். “ஊரிலை எங்கடை கோயிலையுந்தான் எரிச்சவங்கள். அதை ஆர் வந்து பாத்தவன்?”

ஊர்வலம் எப்போதும் பாலத்தடியில் முடியும். மாவட்டத்தின் பெயர்ப்பலகை அங்கேதான் நின்றது. அதற்கு இங்காலே நின்று சித்தப்பா கையை நீட்டுவார். “அங்காலை பழைய காற்றாலை ஒண்டிருக்கு. எல்லாத்திலையும் அதுதான் வடிவு. போய்ப் பாத்திட்டு வாங்கோ, நான் இதிலை நிக்கிறன்.”

திரும்பி வந்தால் விசாரணை நடக்கும். காற்றாலையின்ரை செட்டை சுத்தினதோ? கதவு என்ன நிறம்? பச்சை என்று சொன்னேன். அடுத்த கோடை, பேர்கனிலிருந்து வந்த மாமா குடும்பத்துக்கு அந்தப் பச்சைக் கதவைத் தன் கண்ணால் கண்டவர்போல விபரித்தார். எனக்குச் சிரிப்பு வெடித்தது. அம்மா தொடையில் கிள்ளினார்.

அந்தக் காற்றாலையை ஒருக்கால் கிட்டப் போய்ப் பார்த்துவிட வேண்டும், மனிதர் அதற்குத்தான் கிடந்து தவித்தார். வழக்கு முடிந்து விசா கைக்கு வந்தபோது அவருக்குத் தலை நரைத்துவிட்டது. அதற்குள் நான் கார் ஓடப் பழகியிருந்தேன். முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டார். பாலத்தடியில் என் கால் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்தது.

“ஏன் நிப்பாட்டினனீ? விடடா காரை!”

அங்கே காற்றாலை இல்லை; நான் போகாதிருந்த வருடங்களில் இடித்துவிட்டார்கள். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் நம்முடைய ஸ்ட்ரோம்மனில் இருப்பது மாதிரியே ஒரு கடைத்தொகுதியும் அதன் கார்த் தரிப்பிடமும் இருந்தன. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. இத்தனை வருடம் கட்டிப்போட்டவர்கள், ஒரு காற்றாலையைக் கொஞ்சம் விட்டுவைத்திருக்கக் கூடாதா?

சித்தப்பா இறங்கிச் சுற்றிப் பார்த்தார். “கதவு எந்தப் பக்கமடா இருந்தது?”

சாமான் தள்ளும் வண்டில்கள் அடுக்கியிருந்த இடத்தைக் காட்டினேன். அவர் அங்கே போய் நின்று கொலரைச் சரிசெய்துகொண்டார்.

“எடு படத்தை,” என்றார்.