தீப்பெட்டி அட்டை

தொண்ணூற்றொன்றில் படப்பைப் பக்கம் ஒரு குடிமறப்பு இல்லத்தில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே பேச்சுக்குப் பஞ்சமில்லை. காலையும் மாலையும் கூட்டம். ஒவ்வொருவனும் எழுந்து, ஏன் குடித்தேன் என்று சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு கதை தயாராக இருந்தது. மண்ணூரில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் ஆபரேட்டராக இருந்தேன். மெஷினில் என் கூட்டாளிக்கு இடது கையில் நாலு விரல் போய்விட்டது. அந்த ரத்தத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை, அதனால் குடித்தேன். எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

அங்கே ஒரு சிஸ்டர் இருந்தார். நாகர்கோவில்காரர், ஐம்பது வயது இருக்கும். கைகால் முடங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பழகியவர். அவருக்கு யாருடைய கதையும் வேண்டாம். பாயில் மல்லாக்கப் படுக்கச் சொல்வார். "பேசாண்டாம். உடம்பு எங்க இறுகிக் கெடக்குன்னு மட்டும் பாருங்க" என்பார். குதிகாலைத் தரையில் அழுத்த வேண்டும், மூச்சை நீளமாக விட வேண்டும், நடுக்கம் வந்தால் அடக்கக் கூடாது. முதல் வாரம் முழுக்க நான் கிண்டலடித்தேன். "நடுங்கறதுக்குக் கூடவா சிஸ்டர் ட்ரெய்னிங்? அது எனக்குக் காலைல தானா வருதே" என்றேன். அவரும் சிரித்தார்.

ஆனால் கண்ணை மூடினால் பிரஸ் இறங்கும். காதில் கேட்காது, பல்லில் தெரியும். தாடை தானாகக் கடித்துக்கொள்ளும். வெளியே பட்டப்பகல், யாரோ துணி துவைக்கிற சத்தம். உள்ளே என் முதுகெலும்பு வழியாக அது இறங்கிக்கொண்டே இருக்கும். தலைமாட்டில் ஒருவன் நின்று என்னையே பார்ப்பதுபோல இருக்கும். பயந்து செத்தேன்.

மூன்றாவது வாரம் சிஸ்டர் என் வலது கையைப் பார்த்தார்.

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

"ஒன்னுமில்ல சிஸ்டர்."

"பின்ன இந்த ரெண்டு விரலும் எதப் பிடுங்குது?"

கண்ணைத் திறந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெடுக் வெடுக்கென்று எதையோ இழுத்துக்கொண்டிருந்தன. சத்தியமாக நான் செய்யவில்லை. "நிறுத்தாதீங்க. மெதுவா இழுங்க, என்ன வருதுன்னு பாப்போம்" என்றார். மெதுவாக இழுத்தேன். என்ன வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓவென்று அழுதேன்.

அந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரு கையாலும் ஒன்றாக அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. அப்படிச் செய்தால் வேலை ஓடாது. அதனால் இடது பட்டனை அமுக்கி, இடுக்கில் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகிவிடுவோம். ஒரு கை தகடு வைக்கும், ஒரு கை அழுத்தும். ஷிப்ட் முடிந்ததும் அட்டையை எடுத்துவிட வேண்டும். எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அதுதான். அன்று குன்றத்தூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நான் எடுக்கவில்லை. அடுத்த ஷிப்டுக்கு வந்த கூட்டாளி, வலது கையைப் பட்டன்மேல் வைத்தபடி, சிக்கியிருந்த தகட்டை எடுக்க இடது கையை உள்ளே விட்டிருக்கிறான். ஒரு பட்டனுக்கு மெஷின் இறங்காது என்ற நம்பிக்கை. வாசல்வரை போனவன் அலறல் கேட்டு ஓடி வந்தேன். எல்லாரும் அவனைப் பிடித்தார்கள். நான் முதலில் அட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகுதான் அவனைத் தொட்டேன்.

கவனக்குறைவு என்று எழுதி அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருஷம் குடித்தேன்.

எல்லாவற்றையும் சிஸ்டர் கேட்டுக்கொண்டார். "இத எங்கிட்டச் சொன்னாப் போதுமா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லத்திலிருந்து வெளியே வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இடது கையைத் துண்டால் விலாவோடு சேர்த்துக் கட்டியிருந்தான்.

"இன்னா மச்சான், ஆளே மாறிட்ட! குடிய வுட்டுட்டியாமே?" அவன் முகமெல்லாம் சந்தோஷம். அது என்னைக் கொன்றது.

"கை இன்னும் வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. இந்த முழங்கைய நம்ப முடியல மச்சான். கை உள்ள இருக்கசொல்ல முழங்கை போயி இந்தப் பக்கத்து பட்டன்ல பட்டுச்சுன்னு சூப்பர்வைசர் சொன்னாரில்ல? எனக்குத் தெரியவே இல்ல பாரு. அதான் கட்டி வெச்சிக்கினு கீறேன். பொண்ணக்கூட இந்தப் பக்கம் தூக்கறதில்ல. எப்ப எத்த இடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

நின்றுகொண்டே சொன்னேன். அட்டை, பஸ், பை, எல்லாம். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அவன் துண்டை அவிழ்த்தான். அவிழ்த்த பிறகும் முழங்கை விலாவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. வலது கையால் அதைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சாண் விலக்கினான்.

"அப்ப இது படல?"

"படல மச்சான்."

"படவே இல்லையா?"

முழங்கையைத் தடவிக்கொண்டே, "மன்னிச்சுக்கடா" என்று அதனிடம் சொன்னான். நான் அவனிடம் சொல்லவென்று வந்த வார்த்தை அது. அதன்பிறகு எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.