அடையாற்றுப் பெரணி

சைதாப்பேட்டையிலிருந்து கிளம்பிய பஸ் அடையாறு வந்ததும் நகர மறுக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நடைபாதை நர்சரி. ஒற்றைப் பெரணிச் செடியின் முன்னால் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறார் நர்சரிக்காரம்மா. குதித்து இறங்கி ஓடுகிறேன்.

"வெட்டாதீங்கம்மா."

"இன்னா சார் நீ, பூச்சி புட்ச்சிருக்கு பாரு. எல்லாத் தொட்டிக்கும் தொத்திக்கும். நாலு நாளா வேப்பெண்ணெ தடவித் தேய்ச்சிக்கினு கீறேன், போவ மாட்டேங்குது."

தோல் போலத் தடித்துப் பளபளக்கும் இலைகள், அரிவாள் வளைவில். ஜப்பானிலும் கொரியாவிலும் கடலோரப் பாறை இடுக்குகளில் வளரும் இனம். சீக்கிரம் வாடாது என்பதால் பூங்கொத்தில் ரோஜாவுக்குப் பின்னால் செருகுவார்கள். ஊட்டி லாரியில் வந்து, இந்த வேக்காட்டிலும் உயிரோடு நிற்கிறது. இலையைத் திருப்புகிறேன். அடியெங்கும் பழுப்புப் புள்ளிகள்.

"இது பூச்சி இல்லம்மா. பெரணி பூக்காது, காய்க்காது. இந்தப் புள்ளிக்குள்ளதான் அதோட வித்து தூளா இருக்கும்."

பஸ் டிக்கெட்டின் வெள்ளைப் பின்பக்கத்தில் இலையைத் தட்டுகிறேன். காப்பித்தூளைவிட மெல்லிய பொடி உதிர்கிறது. அவர் குனிகிறார், மூச்சு பட்டுப் பாதி பறந்துவிடுகிறது.

"இத்தினியும் வித்தா?"

"எத்தனையோ செடி வரலாம். எனக்குக் குடுத்துடுங்க, என்ன விலைன்னாலும் சரி."

கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு, தொட்டியைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் நிழலில் வைக்கிறார்.

"போ சார். புள்ளத்தாச்சிய எவனாவது விப்பானா?"