கழுவிக் கொடுத்த குப்பி

போர்ட் பிளேரில் கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் போதைமருந்துச் சோதனை எடுக்கும் தனியார் இடத்தில் எனக்கு வேலை. சிறுநீர்க் குப்பியை வாங்கியதும் சூட்டையும் நிறத்தையும் பார்ப்பேன். யாராவது தில்லுமுல்லு செய்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

அன்று வந்தவர் அதே தீவிலிருக்கும் பெரார்கஞ்ச் ஊர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர். ஓட்டல்களில் சமைத்துச் சமைத்துக் கை காய்த்துப்போனவர். சரக்குக் கப்பலில் சமையல் வேலை, அலைந்து திரிந்து கிடைத்தது. சோதனையில் தேறினால் மத்தியானமே கப்பல் ஏறலாம்.

சோதனை நேரத்தில் கழிவறைக் குழாயை அடைத்துவிடுவோம். பக்கெட்டில் இருக்கும் தண்ணீரில் நீலச் சாயம் கரைத்திருக்கும். குப்பியில் அதைக் கலந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். இதைச் சொல்லும் அறிவிப்பு கதவில் ஒட்டியிருக்கிறது, இங்கிலீஷில்!

அவர் நீட்டிய குப்பியில் சூடு சரியாக இருந்தது. ஆனால் லேசாகப் பச்சை ஓடியிருந்தது.

"என்ன பண்ணீங்க?"

"கழுவினேன் தம்பி. கழுவாத ஏனத்துல எதையும் ஊத்த மாட்டேன். பக்கெட்ல மருந்துத் தண்ணி வச்சிருந்தீங்கல்ல?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாத ஊரில் பக்கெட்டைப் பார்த்தால் கை தானாகப் போகத்தானே செய்யும்! ஏமாற்ற வந்தவன் இவ்வளவு நீலமான தண்ணீரையா எடுப்பான்?

மெயின்லேண்டிலிருந்து வந்த மேனேஜர் எட்டிப் பார்த்தார். "டாம்பரிங். தண்ணி கலந்திருக்கான். இந்த ஊர் ஆளுங்க கதையெல்லாம் நமக்கெதுக்கு? திருப்பி அனுப்பிடுங்க."

விதியில் இரண்டாவது தடவை எடுக்க இடமிருக்கிறது என்று மல்லுக்கு நின்றேன். கடைசியில் சம்மதித்தார், கதவைத் திறந்துவைத்து நான் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டுமாம். ஒரு ஆள் முறைத்துக்கொண்டு நின்றால் யாருக்கு வரும்? அந்த மனிதர் தண்ணீராகக் குடித்தார், தலையைக் குனிந்துகொண்டார், முடியவில்லை என்று திரும்பத் திரும்ப வெளியே வந்தார். மேனேஜர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவரை நாலு அறை அறையலாம் போலிருந்தது.

ஒருவழியாக எடுத்துச் சோதித்தோம். துளி குறையில்லை. அதற்குள் கப்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் வேறொருவரைக் கப்பலில் ஏற்றிவிட்டிருந்தார். மேனேஜர் ஒரு 'சாரி'கூடச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து வேறொரு கப்பலுக்காக அவரே மறுபடியும் வந்தார். அறிவிப்பு இன்னும் இங்கிலீஷில்தான். குப்பியை நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்:

"இத நான் தொடலாமா தம்பி?"