லுசியா அன்ரி ஒளித்துவைக்கத் தந்த உறை

செத்தல் மிளகாய் வறுபடும் நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு முதலில் தும்மல் வரும், அடுத்ததாகப் பயம் வரும். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அந்த நெடி இரண்டு கதவுகளுக்குக் கீழாலும் கிளம்பும். எங்கள் கதவென்றால் அம்மா கறிக்குத் "தூள்" வறுக்கிறார், எதிர்க்கதவென்றால் லுசியா அன்ரி தன்னுடைய மெக்சிக்கோக் குழம்புக்கு வறுக்கிறார் என்று அர்த்தம். கட்டடத்தைப் பராமரிக்கிற மனிதர் இருமி இருமிப் படியேறி வந்து இரண்டு கதவையும் தட்டுவார், இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கைகாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பார்கள். அப்படித்தான் அவர்கள் சிநேகிதிகள் ஆனார்கள்.

சிநேகிதிகள் என்றாலும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அம்மாவுக்கு யாழ்ப்பாணத் தமிழும் கடைக்குப் போய்வர நாலு ஆங்கிலச் சொல்லும், லுசியா அன்ரிக்கு ஸ்பானிஷும் அரசாங்க வகுப்பில் படித்த அரைகுறைப் பிரெஞ்சும். இடையில் நான் இருந்தேன், பதினொரு வயது, பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு நாக்கில் புரளும் வாயாடி. அன்ரியின் மகள் மரிசோல் என்னுடைய வகுப்புத்தான். "இவளின்ர வாயை வாடகைக்கு விடலாம்" என்று அப்பா பகிடி பண்ணுவார். அவர் அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு, எங்களைப்போலவே அன்ரியும் மகளும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அன்ரியின் கணவர் தொமாஸ் மெக்சிக்கோவின் ஒரு மாநிலத்தில் கிராமத்துப் பள்ளி ஆசிரியர். அடுத்த வருடம் வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம்தான் அவருடைய மாநிலத்தில் ஆளுநர் தேர்தல் வந்தது. அங்கே ஆளுநரையும் சனங்களே வாக்குப் போட்டுத் தெரிவுசெய்வார்கள். வாக்கெடுப்பு முடிந்த கையோடு அந்தந்த இடத்திலேயே எண்ணி, முடிவை ஒரு தாளில் எழுதி, இருந்த எல்லாரும் கையெழுத்து வைத்து, ஒரு பிரதியை வாசலில் ஒட்டிவிட வேண்டும். தொமாஸ் தன்னுடைய பள்ளிக்கூடத்தில் நடந்த வாக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்தவர். அவர் எழுதிய தாளில் இருந்தது ஒன்று, தலைநகரில் அச்சடித்து வெளியிட்ட பட்டியலில் இருந்தது வேறொன்று என்றார் அவர். வாசலில் ஒட்டிய தாளை விடியமுன்னே யாரோ கிழித்துவிட்டார்கள். கூடக் கையெழுத்து வைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக "எங்களுக்கு ஞாபகமில்லை" என்றார்கள். வெற்றி பெற்ற கட்சிக்காரர்களோ, ஆசிரியர்தான் காசு வாங்கிக்கொண்டு தாளை மாற்றி எழுதினார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள்.

எங்கேயோ நடந்த தேர்தல் எங்கள் மாடிப்படிக்கு வந்து சேர ஒரு கிழமைகூட எடுக்கவில்லை. அன்ரியின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் மெக்சிக்கோக்காரர்கள், பிள்ளைகள் விளையாட, பெரியவர்கள் சாப்பிட என்று சந்தோஷமாக இருப்பார்கள். இப்போது அதே சனம் எதிர்ப்புக் காட்டப் பால்கனியில் நின்று சட்டியையும் மூடியையும் அகப்பையால் அடித்தது. பிறகு அவர்களுக்குள்ளேயே பிளவு வந்தது. சோள ரொட்டி விற்கும் கடைக்காரர் வென்றவருடைய படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்ட, பாதிப் பேர் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். ஒன்றாக பஸ்ஸுக்கு நின்றவர்கள் தெருவின் மறுபக்கம் போய் நின்றார்கள். யார் யாருடைய ஆள், யார் ஊருக்குத் தொலைபேசியில் எதைச் சொல்கிறான் என்பதே பேச்சு. அப்பாவுக்கு இதெல்லாம் பழகின நாடகம். "ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நாங்களும் பெட்டி திறக்க முதலே முடிவு வாற ஊரில இருந்து வந்த ஆக்கள்தானே" என்றுவிட்டுத் தேநீரை உறிஞ்சுவார்.

அந்தக் கூட்டத்தில் கடைசிவரை அன்ரியோடு நின்றவர் எர்னெஸ்தோ என்ற பேக்கரித் தொழிலாளி. கையில் எப்போதும் மா ஒட்டியிருக்கும், எங்களுக்கும் சேர்த்து இனிப்புப் பாண் கொண்டுவருவார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், நகர மையத்தில் இருக்கிற அவர்களுடைய நாட்டுத் தூதரக அலுவலகத்தின் முன்னால் ஆர்ப்பாட்டம் செய்ய எல்லாரையும் மெத்ரோவில் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். வீட்டில் சொல்லாமல் நானும் மரிசோலோடு தொற்றிக்கொண்டேன். எனக்கு அது திருவிழா. தெருவின் எதிர்ப்பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவன் நின்று, ஒவ்வொரு முகமாக, நிதானமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பதாகையைப் பிடித்திருந்த பெண் சட்டென்று சால்வையால் முகத்தை மூடினாள். நான் மூடவில்லை, சிரித்தேன்கூட.

அதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்னதும் அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "படம் பிடிக்கிறவன்ர முன்னால போய் இளிச்சுக்கொண்டு நிண்டனியோ? உனக்கென்ன விசரே? இண்டைக்குப் படம், நாளைக்கு ஆள். விளங்குதோ?" அவர் என்னை அதட்டியதை விட அம்மா எழுந்து போய் யன்னல் சீலையை இழுத்து மூடியதுதான் எனக்கு அதிகம் கலக்கமாக இருந்தது. அன்றிலிருந்து அந்தச் சீலை பகலிலும் திறக்கப்படவில்லை.

சில நாளில் அன்ரியின் வீட்டுத் தபால்பெட்டியை யாரோ நெம்பித் திறந்துவிட்டார்கள். அடுத்த நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, உள்சட்டைக்குள்ளிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து மேசையில் வைத்தார். தொமாஸிடம் எஞ்சியிருந்த ஒரே ஒரு கார்பன் பிரதி அது. அங்கே வீட்டைச் சோதனை போட்டுவிட்டார்கள் என்று உறவுக்காரப் பெண்ணொருத்தியின் கையில் விமானத்தில் கொடுத்தனுப்பியிருந்தார். உறையின் வாயைத் தொமாஸே ஒட்டிவிட்டு, ஒட்டின இடத்தில் அவரும், உள்ளே பார்க்காத ஒரு வழக்கறிஞரும் குறுக்கே கையெழுத்து வைத்திருந்தார்கள். திறந்தால் நீதிபதி ஏற்கமாட்டார் என்பதால் அன்ரிகூடத் திறந்து பார்க்கவில்லை. தேர்தல் நீதிமன்றம் கூப்பிடும்வரை வைத்திருக்க வேண்டும். "எங்கள் ஆட்களில் யாரை நம்புவது என்று தெரியவில்லை. உங்களுக்கு எங்கள் கட்சி ஒன்றும் இல்லை" என்று பிரெஞ்சில் சொன்னார். நான் தமிழாக்கினேன். அம்மா அன்ரியின் கலங்கின கண்ணைப் பார்த்துவிட்டு "ஓம்" என்றார், அன்ரி போனதும் தலையில் அடித்துக்கொண்டார்: "வேலியால போற ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விட்டிட்டன்." உறை சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் போனது.

எங்கள் வீட்டில் அம்மா காகிதம் வைத்திருக்கிறவர் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஊரில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில், பாடப் புத்தகத்துக்குள் இருந்த ஒரு கடிதத்துக்காக அவருடைய தம்பியைக் கொண்டுபோனார்கள். மாமா திரும்பி வரவேயில்லை. அதற்குப் பிறகு, சப்பாத்துச் சத்தம் கேட்டால் வீட்டிலுள்ள கடிதம், படம், டயரி எல்லாவற்றையும் அடுப்புக்குள் போடுவது அந்தக் குடும்பத்தின் வழக்கமாகிவிட்டது. எங்கள் ஊர்ச் சனத்தில் கனபேருக்கு இளவயதுப் படமொன்று இல்லாததற்கு இதுதான் காரணம். மொன்றியலுக்கு வந்தும் அம்மா மின்சாரப் பட்டியலைக்கூடத் துண்டு துண்டாகக் கிழித்துத்தான் குப்பையில் போடுவார். "மனிசர் வாயைப் பொத்தலாம் பிள்ளை, கடதாசியின்ர வாயைப் பொத்தேலாது" என்பார்.

ஒரு வியாழக்கிழமை, நான் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது எதிர்க்கதவை யாரோ பலமாகத் தட்டினார்கள். அன்ரி வேலைக்குப் போயிருந்தார், மரிசோலும் இன்னும் வரவில்லை. பிறகு எங்கள் கதவு தட்டப்பட்டது. அம்மா கதவுத் துவாரத்தால் பார்த்தார். கழுத்துவரை கறுப்பு மேலங்கி, முகத்தை மறைத்துக் கம்பளிச் சால்வை, இரண்டு ஆம்பிளைகள். வெளியே கடுங்குளிர், எல்லாரும் அப்படித்தான் மூடிக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் அம்மா கண்டது கோட்-டெ-நெய்ஜை அல்ல. "வாய் திறவாதை" என்று சைகை காட்டினார். அவர்கள் சால்வைக்குள்ளால் விளங்காமல் ஏதோ சொல்லித் தட்டத் தட்ட, அவர் சாமித்தட்டிலிருந்து உறையை எடுத்து, நாலாய்க் கிழித்து, தூள் வறுக்கிற தாச்சியில் போட்டுக் கொளுத்தினார். புகைநாற்றம் வெளியே போகாமலிருக்க மேலே ஒரு கைபிடி செத்தல் மிளகாயையும் போட்டார். என்னுடைய கண்ணும் மூக்கும் எரிந்தன. இரண்டு கையாலும் வாயைப் பொத்தித் தும்மலை அடக்கினேன். வெளியே நின்றவர்கள் இருமிக்கொண்டு படியிறங்கினார்கள்.

போகமுன் கதவுக்குக் கீழால் ஒரு துண்டை உள்ளே தள்ளியிருந்தார்கள். எடுத்து வாசித்தேன். பிரெஞ்சில் எழுதியிருந்தது: லுசியா அனுப்பினார், உறையைக் கேட்டு வந்தோம், நாளைக்கு நான் விமானம் ஏறுகிறேன், நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும், எர்னெஸ்தோ. நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "ஐயோ கடவுளே, நான் என்ன வேலை செய்துபோட்டன்!" கொஞ்ச நேரம் கழித்து எழும்பி, என் கையிலிருந்த துண்டை வாங்கி அதையும் நெருப்பில் போட்டார்.

அன்ரி வேலையால் வந்து கதவைத் தட்டமுன், அம்மா என் தோளிரண்டையும் பிடித்து உலுக்கினார். "வந்தவையிட்டக் குடுத்திட்டம் எண்டு சொல்லு. எங்கட கேஸ் இன்னும் முடியேல்லை. பொலிஸ் எண்டு ஏதும் வந்தால் எங்களைத்தான் முதல் பிளேனில ஏத்துவங்கள். சொல்லு பிள்ளை!" நான் சொன்னேன். நல்ல பிரெஞ்சில், இலக்கணப் பிழையில்லாமல், அன்ரியின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்: இரண்டு பேர் வந்தார்கள், எர்னெஸ்தோ என்றார்கள், கொடுத்தோம். அன்ரி என் நெற்றியில் முத்தம் தந்துவிட்டுப் போனார். அப்பா இரவு சாப்பாட்டில் கைவைக்கவில்லை. "செய்தது செய்தாச்சு. இனி ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை" என்று மட்டும் சொன்னார்.

எர்னெஸ்தோ கதவே திறக்கவில்லை என்று சத்தியம் பண்ணினார். கூட வந்தவரும் பண்ணினார். யார் கேட்டார்கள்? சின்னப் பிள்ளை பொய் சொல்லுமா, அதுவும் இவர்கள் கட்சியையே தெரியாத பிள்ளை! அவர் உறையை எதிர்த்தரப்புக்கு விற்றுவிட்டார் என்பது ஒரு கிழமைக்குள் எல்லாருக்கும் முடிந்த முடிவு. பேக்கரி வாசலில் அவர் முகத்தில் துப்பினார்கள். நீதிமன்றம் அச்சடித்த பட்டியலே சரியென்றது. தொமாஸ் தலைநகரத்துச் சதுக்கத்தில் நடந்த மறியலுக்கென்று வீட்டைவிட்டுப் புறப்பட்டவர். அதற்குப் பிறகு தொலைபேசி வரவில்லை. அன்ரி வேலைக்குப் போகாமல் தொலைபேசியருகே நாற்காலி போட்டு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா, எங்கே போனார் என்று இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது அந்தக் கட்டடத்தை இடித்து உயரமாக வேறொன்று கட்டியிருக்கிறார்கள். ரொட்டிக் கடை இருந்த இடத்தில் பல் வைத்தியர். அப்பா இல்லை. இந்தப் பனிக்காலம் எர்னெஸ்தோவும் போய்விட்டார். மரிசோல் தொலைபேசியில் செய்தியாகச் சொன்னாள், தன் அம்மா செத்தவீட்டுக்குப் போகமாட்டார் என்றும் சொன்னாள். நான் போனேன். பெரிய கத்தோலிக்கக் கோவிலில் முன் வாங்கு ஒன்றுகூட நிரம்பவில்லை. திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னபோது அவர் எழும்பிச் சப்பாத்தைத் தேடினார். "கூட்டிக்கொண்டு போ. அவ என்ர உயிரை எடுத்தாலும் பரவாயில்லை" என்றார்.

லுசியா அன்ரி இப்போது ரொக்ஸ்பரோவில் மரிசோலோடு இருக்கிறார். அம்மா தமிழில் சொன்னார், நான் பிரெஞ்சில் சொன்னேன்: தட்டியவர்கள், தாச்சி, மிளகாய், துண்டு, பொய், எல்லாம். எர்னெஸ்தோ என்று வந்த இடத்தில் அன்ரி சிலுவை போட்டுக்கொண்டார். கத்துவார், வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எரிக்கமுன் திறந்து பார்த்தாளா?"

எனக்குப் பதில் தெரியும், என்றாலும் அம்மாவிடம் கேட்டேன். "இல்லையம்மா, ஒட்டினபடியேதான்" என்றார் அம்மா.

அன்ரி மடியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எர்னெஸ்தோ கள்வன்தான், ஆனால் அவன் உறையைத் திறந்து பார்த்திருப்பான், என்னுடைய தொமாஸ் சரியாகத்தான் எழுதினான் என்பது அந்தக் கள்வனுக்காவது தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் இவ்வளவு காலமும் தொமாஸுக்காக எல்லாரோடும் சண்டை பிடித்தேன். அப்படியென்றால் அவன் எழுதினதை ஒருவருமே பார்க்கவில்லையா?"

"என்ன பிள்ளை சொல்லுறா?" அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்.

இந்த முறை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன்.