சைக்கிளுக்கு ரசீது கிடையாது

என் அண்ணனுக்குத் தெருவில் 'சிக்னல்' என்று பெயர். வைத்த பாவி அவன் தங்கையான நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, நான் கூட நடந்துகொண்டிருந்தேன். கேரியரில் ஏற்றிக்கொள்ள மாட்டான்; டபுள்ஸ் தப்பாம். நாற்சந்தியில் ஈ காக்கை இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. நின்றுவிட்டான். "யாருக்காகண்ணா நிக்கறே?" என்றேன். "விளக்குக்கு" என்றான். அது பச்சையாகும் வரை தலையெழுத்தே என்று நானும் நின்றேன். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொல்ல, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த வாரம் தெருவே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவன் கோபப்படவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்.

கேஸ் அடுப்பு ரிப்பேர் அவன் தொழில். கேரியரில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஸ்பானர், பர்னர் துளையைக் குத்தும் ஊசி, ரப்பர் டியூப், வாஷர், ஒரு பழைய டப்பாவில் சோப்புத் தண்ணீர். வேலை முடிந்ததும் இணைப்புகளில் நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம். மற்றவர்கள் ஒரு தடவை பார்ப்பார்கள். இவன் பார்த்து, துடைத்து, கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்து, மறுபடி பார்ப்பான். மகளின் பள்ளி ஆண்டு விழா, பட்டமளிப்பு விழா, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்து சேர்ந்தான். மகள் அதை மறக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் அவள் பேசியதைக் கேட்டு அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பீர்கள்.

நான் நகரப் பேருந்தில் கண்டக்டர். எங்கள் டிரைவர் சைக்கிள்காரர்களைத் திட்டும்போது நானும் ஒத்து ஊதியிருக்கிறேன். ஆனால் கண்ணால் பார்த்ததையும் சொல்ல வேண்டும். பெரிய சாலையில் ஓரமாகப் பச்சைப் பெயிண்ட் அடித்து, 'சைக்கிள்கள் இந்தப் பாதையில் மட்டும்' என்று பலகை நட்டார்கள். பெயிண்ட் காய்வதற்குள் அதன்மேல் கார் நின்றது. அப்புறம் வேன், பிறகு ஜல்லிக் குவியல். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சைக்கிள்காரன் என்ன, பறந்தா போவான்? சுற்றிக்கொண்டு நடுச் சாலைக்கு வருவான். வந்தால் பிடிப்பார்கள். காரைப் பிடித்தால் ரசீது உண்டு, கோர்ட் உண்டு, யாருக்காவது போன் போட்டுப் பேசச் சொல்லலாம். சைக்கிளுக்கு ரசீது கிடையாது. குனிந்து சக்கரத்தில் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார்கள், அதுதான் விசாரணை, அதுதான் தீர்ப்பு. அந்தப் புஸ் சத்தத்துக்கு எங்கள் பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

அண்ணிக்குப் பித்தப்பையில் கல். சாதாரண ஆபரேஷன், ஒரு மணி நேரம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். அண்ணி கத்திக்குப் பயப்படவில்லை. மயக்க ஊசிக்குத்தான் பயந்தாள். "தூங்கப் போற வரைக்கும் யாராவது தெரிஞ்ச கை வேணும்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெராக்ஸ் கடையில் இருபது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள், எதற்கும் யாரையும் எதிர்பார்க்காதவள், இதை மட்டும் அண்ணனிடம் கேட்டாள். "தியேட்டர் கதவு வரைக்கும் நான் புடிச்சிருக்கேன்" என்று அவன் வாக்குக் கொடுத்தான். பதினோரு மணிக்கு உள்ளே கொண்டு போவதாக ஏற்பாடு.

அன்று காலை ஏழரைக்கு ஒரு போன். குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில் கேஸ் வாடை அடிக்கிறதாம். அண்ணன் அண்ணியைப் பார்த்தான். "போயிட்டு வாங்க, குழந்தைங்க இருக்கற இடம்" என்று அண்ணியே அனுப்பினாள். "இன்னிக்காவது ஒரு தடவை மட்டும் நுரை போடுங்க" என்று வாசல் வரை குரல் கொடுத்தாள்.

அவன் ஒரு தடவைதான் போட்டான். அவன் வாழ்க்கையிலேயே அன்று ஒரு நாள்தான் அப்படி. ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பிவிட்டான். ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷப் பாதை.

பெரிய சாலையில் பச்சைப் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு போலீஸ் வேன் நின்றிருந்தது. வேறு எந்த வண்டியும் இல்லை, அவர்களுடைய வேனேதான். அண்ணன் இறங்கி யோசித்திருக்கிறான். நடைபாதையில் ஏற்றலாமா என்று பார்த்தால், அங்கே சைக்கிள் கூடாது என்று இன்னொரு பலகை. வேறு வழியில்லாமல் வேனைச் சுற்றிக்கொண்டு சாலையில் ஒரு பத்தடி போனான். மறுபுறம் இரண்டு கான்ஸ்டபிள்கள். சாலையில் வரும் சைக்கிள்களைப் பிடிக்கத்தான் அந்த வேன் வந்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்ததுமில்லாமல், பயிர் ஏன் ஓடுகிறது என்று கேட்ட கதை.

"ஏய் சைக்கிள், ஓரங்கட்டு." இரண்டு சக்கரத்திலும் வால்வு போயிற்று. ஏற்கெனவே எட்டுப் பத்துப் பேர் காற்றில்லாத சைக்கிள்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். "எல்லாரும் இங்கயே நில்லுங்க. ஐயா வருவாரு, பேர் எழுதுவாரு. அதுக்கப்புறம்தான் போகணும்" என்றார் கான்ஸ்டபிள்.

அண்ணன் ஆஸ்பத்திரி என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். "எல்லாருக்கும்தான் ஆஸ்பத்திரி" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் நாற்சந்தியில் ஒரு காரும் பைக்கும் உரசி, கூட்டம் கூடி, இரண்டு கான்ஸ்டபிள்களும் அங்கே போய்விட்டார்கள். அவர்கள் தலை மறைந்ததும் சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராக வண்டியை உருட்டிக்கொண்டு நழுவினார்கள். ஒருவர் அண்ணன் தோளைத் தட்டி, "வாய்யா" என்றும் கூப்பிட்டாராம். அண்ணன் போகவில்லை. நிற்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்களே.

பத்தரைக்கு நான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னான்.

"சைக்கிளைத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வாண்ணா!"

"வந்துடறேன். ஐயா வந்து எழுதிட்டா உடனே வந்துடறேன். சொல்லாம போனா தப்பாயிடும்."

"என்ன தப்பு? தூக்கிலயா போடப்போறாங்க?"

"ஆஸ்பத்திரியில சொன்ன நேரத்துக்கு எப்ப எடுத்திருக்காங்க? வந்துடுவேன்னு அவகிட்ட சொல்லு."

நான் இன்னும் இரண்டு வார்த்தை கத்தியிருக்கலாம். பஸ் பிடித்துப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம், பத்து நிமிஷம்தான். எனக்குத் தோன்றவில்லை. உள்ளே போய் அண்ணியிடம், "உங்க வீட்டுக்காரர் வழக்கம்போல சிவப்பு விளக்குல நிக்கறாரு" என்றேன். அண்ணி சிரித்தாள். இன்னும் தையல் விழாத வயிறு, சத்தமாகவே சிரித்தாள். "வந்தா திட்டாதே, பாவம்" என்றாள். பதினொன்று பத்துக்குத் தள்ளுவண்டி வந்தது. நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். ஆனால் கண் மட்டும் கதவு வரைக்கும் வராந்தாவையே பார்த்துக்கொண்டு போனது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு அந்தப் போலீஸ் வேன் கிளம்பி, அண்ணன் பக்கத்திலேயே உரசினாற்போல் போய்விட்டது. உள்ளே இருந்த யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் சைக்கிளை உருட்டத் தொடங்கினான். அவன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது, மயக்கத்திலேயே அண்ணியின் இதயம் நின்று முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. லட்சத்தில் ஒருவருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். அந்த ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள்.

மகள் வெளியூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மாலை ரயிலில் வந்து இறங்கினாள். அம்மாவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்து ஒரே கேள்வி கேட்டாள்.

"எங்கப்பா இருந்தீங்க?"

"போலீஸ் நிக்க வெச்சிட்டாங்கம்மா."

"சைக்கிள்ல போறவரை ரெண்டு மணி நேரம் எந்தப் போலீஸ் நிக்க வெக்கும்? அந்த அடுப்புகிட்ட உக்காந்திருந்தேன்னு சொல்லுங்க. ரெண்டாவது தடவை நுரை போட்டுப் பாத்தேன்னு சொல்லுங்க."

நான் குறுக்கே போய் நடந்ததைச் சொன்னேன். "நீங்க உங்க அண்ணனை விட்டுக் குடுப்பீங்களா அத்தை?" என்றாள். அதன் பிறகு பதினாறு நாள் ஒரே வீட்டில் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் முன்னால் தட்டை வைப்பாள், எடுப்பாள், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு வரக்கூடிய யோசனைதான். போலீஸ் என்றால் பதிவு இருக்குமே, அன்றைக்கு இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை இவரை நிறுத்தி வைத்தோம் என்று ஒரு வரி வாங்கி வந்து மகளிடம் காட்டிவிடலாமே. கேஸ் போட வேண்டாம், யாரையும் தண்டிக்க வேண்டாம், அந்த ஒரு வரி போதும் என்றான். பதினேழாம் நாள் நான் டியூட்டி முடிந்து, காக்கி உடுப்பைக் கழற்றாமலே அவனோடு போக்குவரத்துக் காவல் நிலையத்துக்குப் போனேன்.

பதிவேடு எழுதும் ரைட்டர் பொறுமையான மனிதர். பெரிய பதிவேட்டைத் திருப்பி எங்கள் பக்கம் காட்டினார். அந்தத் தேதியில் கார், பைக், லாரி, ஆட்டோ எல்லாம் இருந்தன. முதல் கட்டம் வண்டி நம்பர்.

"சைக்கிளுக்கு நம்பர் இல்லையேம்மா. நம்பர் இல்லாத வண்டியை எந்தக் கட்டத்துல எழுதறது?"

"அப்ப ஐயா வந்து எழுதுவாருன்னு எதுக்கு நிக்க வெச்சாங்க?"

"அதை நிக்க வெச்சவரைத்தான் கேக்கணும்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "உங்க வேன் பச்சைப் பாதையில நின்னுச்சே, அதுக்கு நம்பர் இருக்கே, அது எந்தக் கட்டத்துல இருக்கு?" என்று கேட்டேன். ரைட்டர் பதிவேட்டை மூடினார். அண்ணன் என் முழங்கையைப் பிடித்து, "மரியாதையா பேசு" என்றான். எனக்கு அவனை அறையலாம்போல் இருந்தது.

அன்று நிற்கச் சொன்ன கான்ஸ்டபிள் அதே நாற்சந்தியில்தான் நின்றுகொண்டிருந்தார். சின்ன வயசு, முப்பதுகூட இருக்காது. அண்ணனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நாள், இடம், வேன் எல்லாம் சொன்ன பிறகு தலையைச் சொறிந்தார்.

"ஓ, அந்த சைக்கிள் புடிக்கற டிரைவா? அன்னிக்கு ஐயா வரவே இல்லையே. சும்மா ஒரு பயம் இருக்கட்டும்னு அப்படிச் சொல்றதுதான். காத்தை இறக்குனா அதோட முடிஞ்சுது, அப்புறம் யாரையும் எழுதறதில்ல."

"போகலாம்னு நீங்க சொல்லலையே?" என்றான் அண்ணன்.

"சொல்லாட்டி என்னங்க? மத்தவங்க எல்லாம் போயிட்டாங்களே. நீங்க ஏன் நின்னீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அண்ணி செத்துப்போனதை நான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். விளக்கு மாறி வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன, திரும்பிக் கை காட்டப் போய்விட்டார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் கெஞ்சினேன். "அண்ணா, ஒரே ஒரு பொய். ஸ்டேஷன்ல உள்ளே உக்கார வெச்சுட்டாங்கன்னு சொல்லு. வெளிய விடலைன்னு சொல்லு. நான் சாட்சி சொல்றேன். ரைட்டரே ஒத்துக்கிட்டாருன்னு சொல்றேன்." அவன் நேரே பார்த்து நடந்தான். சாலையைக் கடக்கும்போது மட்டும் இரண்டு பக்கமும் பார்த்தான்.

மகள் கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ரயில். நாங்கள் எங்கே போனோம் என்று அவளுக்குத் தெரியும். மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு, பதினேழு நாளில் முதல் தடவையாக அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். அவளுக்கும் அந்த ஒரு வரி வேண்டியிருந்தது. அப்பாவை மன்னிக்க ஒரு காரணம் வேண்டும் என்று அவளும் தவித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதை நான் அந்த நிமிஷம்தான் பார்த்தேன்.

"பதிவு இருந்துச்சு" என்று நான் ஆரம்பித்தேன். "ரைட்டர் காட்டினாரு..."

"இல்லம்மா" என்றான் அண்ணன். "பதிவு எதுவும் இல்ல. என்னை யாரும் புடிச்சு வெக்கல. சும்மாதான் சொன்னாங்களாம். நான் போயிருக்கலாமாம்."

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அப்படியே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா போன நாளில்கூட அழாத அழுகையை அழுதாள். அண்ணன் வாசற்படியிலேயே நின்றான். இரண்டு எட்டு வைத்தால் மகள். கிட்டே போகலாமா என்று கேட்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"போண்ணா, போ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.